மணிலா முகாமில் நாட்கள் எப்படிக் கழிந்தன?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எதிரி நாட்டுப் பொதுமக்களைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள் என்று படிக்கிறோம். அவர்கள் சிப்பாய்களும் இல்லை, குற்றவாளிகளும் இல்லை. வருடக்கணக்கில் உள்ளே இருந்து என்னதான் செய்தார்கள்? ஜெயில் மாதிரி இருந்ததா, அகதி முகாம் மாதிரி இருந்ததா?

நாளின் பெரும்பகுதி வரிசையில் நிற்பதிலேயே போனது. மிச்ச நேரத்தில் அந்த முகாமை நடத்தும் வேலையையும் அடைபட்டவர்களே செய்தார்கள். இந்த இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான்.

எல்லா முகாமும் ஒன்றுபோல் இருக்கவில்லை. சிங்கப்பூரில் 600 கைதிகளுக்காகக் கட்டிய சாங்கி சிறையில் 2,000-க்கும் மேற்பட்ட பொதுமக்களை ஜப்பானியர் அடைத்தார்கள். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். எனவே பொதுவாகப் பேசாமல், நான் அதிகம் வாசித்திருக்கிற ஒரே ஒரு முகாமைப் பற்றிச் சொல்கிறேன். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இருந்த சாந்தோ தோமாஸ் முகாம்.

1942 ஜனவரி 2 அன்று ஜப்பானியப் படை மணிலாவுக்குள் நுழைந்தது. அடுத்த சில நாட்களில் நகரத்தில் இருந்த அமெரிக்கர், பிரிட்டிஷ்காரர் மற்றும் நேசநாட்டவரை வீடுகளிலும் ஓட்டல்களிலும் இருந்து அழைத்துப் போனார்கள். மூன்று நாளைக்கு வேண்டிய சாப்பாடும் துணியும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மூன்று நாள் 37 மாதமாக நீண்டது. வங்கி மேலாளர், சுரங்க என்ஜினீயர், கப்பல் மாலுமி, பள்ளி ஆசிரியை, கைக்குழந்தைக்காரி, எழுபது வயதுக் கிழவர் என்று எல்லோரும் ஒரே கூட்டமாக உள்ளே வந்தார்கள். எண்ணிக்கை ஏறி இறங்கியபடி இருந்தாலும் 3,000-க்கும் 4,000-க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம்.

இடம் ஒரு பல்கலைக்கழகம். 1611-இல் டொமினிக்கன் துறவியர் தொடங்கிய சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தின் நகர வளாகம், சுமார் 50 ஏக்கர். கட்டடங்கள் நல்ல கட்டடங்கள்தான், ஆனால் குடியிருக்கக் கட்டியவை அல்ல. வகுப்பறையிலிருந்து பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டு ஓர் அறைக்கு 30 முதல் 50 பேர் படுத்தார்கள். முதல் சில இரவுகள் வெறும் தரையில். பிறகு கட்டில் வந்தது, கொசுவலை வந்தது, மூட்டைப்பூச்சியும் வந்தது. ஓர் ஆளுக்குக் கிடைத்த இடம் 16 முதல் 22 சதுர அடி. ஒரு கட்டிலைப் போட்டால் முடிந்தது கணக்கு. ஆண்களுக்குத் தனி அறை, பெண்களுக்குத் தனி அறை; சின்னக் குழந்தைகளோடு இருந்த தாய்மாருக்குத் தனிக் கட்டடம். பகலில் குடும்பம் ஒன்றாக இருக்கலாம், இரவானால் பிரிந்துவிட வேண்டும்.

ஜப்பானியர் காவல் போட்டார்கள், உத்தரவு போட்டார்கள். அன்றாட நிர்வாகத்தை அடைபட்டவர்கள் தலையிலேயே கட்டினார்கள். ஆரம்ப மாதங்களில் சாப்பாட்டுக்குக்கூட ஜப்பானியர் பொறுப்பேற்கவில்லை. பிலிப்பைன்ஸ் செஞ்சிலுவையின் பணத்தில்தான் அடுப்பு எரிந்தது. 1942 நடுவில்தான் தலைக்கு ஒரு நாளைக்கு 70 சென்டாவோ (பெசோவில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்டாவோ) என்று ஒரு தொகையை ஒதுக்கினார்கள். அதற்குள் முகாமில் ஒரு நிர்வாகக் குழு அமைந்து, அதன் கீழே சுகாதாரம், சமையல், கல்வி, ஒழுங்கு என்று தனித்தனிக் குழுக்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பொறுப்பாளர், அவரை மானிட்டர் என்பார்கள். சின்னத் தவறுகளை விசாரிக்க முகாமுக்குள்ளேயே ஒரு நீதிமன்றம் இருந்தது, ஓர் அறை ஜெயிலும் இருந்தது. அடைபட்டவர்கள் தங்களுக்குள் தாங்களே ஜெயில் வைத்துக்கொண்டதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மனசுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒருவன் செய்த திருட்டை உள்ளேயே தீர்த்துக்கொள்ளாவிட்டால் அது காவலாளியின் கைக்குப் போகும். அங்கே போனால் என்ன ஆகும் என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே கண்டுவிட்டார்கள். 1942 பிப்ரவரியில் மூன்று பேர் தப்பி ஓடிப் பிடிபட்டார்கள். அடித்து நொறுக்கிவிட்டுச் சுட்டுக் கொன்றார்கள். நிர்வாகக் குழுத் தலைவரையும் அறை மானிட்டரையும் கூட்டிப்போய் அதைப் பார்க்கவும் வைத்தார்கள்.

சரி, ஒரு சாதாரண நாளுக்கு வருவோம். 1942, 43-இல் ஒரு நாள்.

காலையில் எழுந்ததும் முதல் வரிசை கழிவறைக்கு. பிரதான கட்டடத்தில் இருந்த 1,200 ஆண்களுக்கு 13 கழிப்பிடம், 12 குளியல் குழாய். நூறு பேருக்கு ஒரு குழாய் என்று வைத்துப் பாருங்கள். ஒரு குழாயின் கீழே இரண்டு மூன்று பேர் சேர்ந்து நின்று குளித்தார்கள். பெண்கள் பக்கமும் இதே நெரிசல்தான். அங்கே குளியலறையில் யாரோ ஒரு வாசகத்தை எழுதி ஒட்டியிருந்தார்கள்: தனிமை வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொள். கழிவறை வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். அவர் வேலை, உள்ளே போகிறவர் ஒவ்வொருவருக்கும் காகிதத்தை எண்ணிக் கொடுப்பது. நேற்று வரை பெரிய பங்களாவில் ஏழெட்டு வேலைக்காரர்களை ஏவியவர், இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் எண்ணுகிறார். அவமானமாகத் தோன்றலாம். ஆனால் அதைச் செய்ய ஒருவர் இல்லாவிட்டால் இரண்டே நாளில் காகிதம் தீர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த வேலைக்கு மதிப்பு இருந்தது.

அடுத்தது சாப்பாட்டு வரிசை. கையில் தட்டு, ஒரு டின் குவளை, சாப்பாட்டு அட்டை. அட்டையில் துளை போட்ட பிறகுதான் கரண்டி இறங்கும். காலையில் கூழ், காப்பி என்று ஒரு கறுப்புத் தண்ணீர். சாயந்திரம் காய்கறியோடு கொஞ்சம் இறைச்சி மிதக்கும் குழம்பு. பெரியவர்களுக்கு இரண்டு வேளைதான். குழந்தைகளுக்கு மட்டும் மதியமும் உண்டு. சாப்பிட்ட தட்டைக் கழுவ ஒரு வரிசை. துணி துவைக்கும் தொட்டிக்கு ஒரு வரிசை. வெந்நீருக்கு ஒரு வரிசை.

நடுவில் வேலை. உடம்பு முடிந்த எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை உண்டு. சுகாதாரக் குழுவின் கீழ் மட்டும் 600-க்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தார்கள்: புதிய கழிப்பிடம் கட்டுவது, குப்பையை அப்புறப்படுத்துவது, ஈ, கொசு, எலியை ஒழிப்பது. வாழ்நாளில் மண்வெட்டி பிடிக்காதவர்கள் காய்கறித் தோட்டம் போட்டார்கள். பெண்கள் கூட்டமாக நீள மேஜையில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினார்கள். நம் வீடுகளில் முறத்தில் போட்டுக் கல் பொறுக்குவோமே, அதே வேலைதான், மூவாயிரம் பேருக்கு. கல், உமி, வண்டு, புழு எல்லாம் இருக்கும். ஆரம்பத்தில் புழு வந்த அரிசியைக் கண்டு முகம் சுளித்தவர்கள் மூன்றாம் வருடத்தில் புழுவை எடுத்துப் போடுவதையே விட்டுவிட்டார்கள். இந்த ஒரு மாற்றத்தை வைத்தே அந்த முகாமின் மூன்று வருடக் கதையைச் சொல்லிவிடலாம்.

பள்ளிக்கூடம் தவறாமல் நடந்தது. ஆசிரியர்கள் உள்ளேயே இருந்தார்கள், பிள்ளைகளும் இருந்தார்கள். மழலை வகுப்பிலிருந்து உயர்நிலைப் பள்ளி முடியும் வரை பாடம், பரீட்சை, மதிப்பெண். பெரியவர்களுக்கு மொழி வகுப்பு, சொற்பொழிவு, நூலகம். சாயந்திரங்களில் ஒலிபெருக்கியில் பாட்டு, சில நாள் நாடகம், மைதானத்தில் பந்து விளையாட்டு. போர் நடக்கும்போது இதெல்லாம் தேவையா என்று கேட்கிறவர்கள் உண்டு. பத்து வயதுப் பிள்ளை ஒன்று மூன்று வருடம் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்தக் கேள்வி வராது. மருத்துவமனையும் அப்படித்தான். பட்டான், கொரிஹிடோர் போர்முனையில் பிடிபட்ட அமெரிக்க ராணுவ நர்சுகள் அறுபதுக்கும் மேற்பட்டோரை இங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள். வந்தவர்கள் ஷிப்டு போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். பசியில் காலே நிற்காத நாட்களிலும் அவர்கள் ஷிப்டை விடவில்லை.

இனி வாசலுக்கு வாருங்கள். முகாமின் முன்வாசலில் தினமும் ஒரு வரிசை நின்றது. உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடும் துவைத்த துணியும் கொண்டுவரும் பிலிப்பைன்ஸ் மக்களின் வரிசை அது. பழைய வேலைக்காரர்கள், நண்பர்கள், அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர்கள், மனைவிமார். அமெரிக்கரை மணந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் பலர் வெளியே விடப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்த வாசல் ஒன்றுதான் வழி. காவலாளிகள் பொட்டலத்தைப் பிரித்துச் சோதித்துவிட்டு உள்ளே அனுப்புவார்கள். முகம் பார்த்துப் பேசக் கூடாது. ஆரம்ப நாட்களில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள் என்று, மூங்கில் தட்டி வைத்து வேலியையே மறைத்துவிட்டார்கள். கொண்டுவருகிறவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிவது கஷ்டமாகத்தான் இருந்தது. எதிரிக்கு உதவுகிறவன் என்று பெயர் வந்தால் உயிருக்கே ஆபத்து. இருந்தும் இரண்டு வருடம் அந்த வரிசை ஓயவில்லை. முகாமைப் பற்றிப் பேசுகிறவர்கள் உள்ளே இருந்தவர்களின் தைரியத்தைப் பேசிவிட்டு இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இதே பொட்டலம்தான் உள்ளே ஏற்றத்தாழ்வையும் உண்டாக்கியது. வெளியே ஆள் உள்ளவன், பணம் உள்ளவன், கடன் வாங்கும் அளவுக்குப் பெயர் உள்ளவன் நன்றாகச் சாப்பிட்டான். துறைமுகத்தில் கப்பல் மூழ்கியதால் மணிலாவில் மாட்டிக்கொண்ட மாலுமிக்கு வாசலில் யாரும் வரமாட்டார்கள். அவனுக்கு சமையல்கட்டு வரிசை மட்டும்தான். காசு உள்ளவர்கள் திறந்தவெளியில் மூங்கிலும் ஓலையும் வைத்துக் குடிசை போட்டார்கள். கொஞ்ச நாளில் அப்படி நூற்றுக்கணக்கான குடிசைகள், தெருக்கள், தெருவுக்கு ஒரு பெயர். பகலில் குடும்பமாக உட்கார, சொந்தமாக ஒரு கரி அடுப்பு பற்றவைக்க, நாற்பது பேர் மூச்சிலிருந்து தப்பிக்க ஓர் இடம். ஆனால் பக்கவாட்டில் மறைப்பு இருக்கக் கூடாது, காவலாளி நடந்து போகும்போது உள்ளே தெரிய வேண்டும் என்பது விதி. ஆணும் பெண்ணும் நெருக்கமாக இருப்பதற்குத் தடை. கணவன் மனைவிக்கும் அதே தடைதான். குடிசைகளில் ஒழுங்கு போதவில்லை என்று ஜப்பானிய அதிகாரிகள் நிர்வாகக் குழுவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள்.

1943 மே மாதம் நெரிசலைக் குறைக்க சுமார் 800 ஆண்களை லாஸ் பான்யோஸ் என்ற இடத்துக்கு அனுப்பி அங்கே இன்னொரு முகாம் தொடங்கினார்கள். அந்த வருடக் கடைசியில் செஞ்சிலுவைப் பெட்டிகள் வந்தன, ஆளுக்கு ஏறக்குறைய 20 கிலோ. பால்பவுடர், டின் இறைச்சி, வெண்ணெய், சாக்லேட், காப்பி, சிகரெட். அந்தப் பெட்டியை எப்படிச் சாப்பிடுவது என்பதிலேயே மனிதர்கள் பிரிந்தார்கள். சிலர் கிறிஸ்துமஸ் வாரத்திலேயே முடித்துவிட்டார்கள். சிலர் ஒரு டின்னை ஒரு மாதம் வைத்துக்கொண்டார்கள். சேர்த்து வைத்தவர்களில் பலர் பின்னால் அதனால்தான் பிழைத்தார்கள். காலியான பால்பவுடர் டின்னையும் யாரும் எறியவில்லை. அது குவளை ஆனது, சட்டி ஆனது, அடுப்பும் ஆனது.

1944 தொடக்கத்தில் எல்லாம் மாறியது. அதுவரை சிவில் அதிகாரிகளின் கையில் இருந்த முகாமை ஜப்பானிய ராணுவம் எடுத்துக்கொண்டது. வாசல் வரிசையை நிறுத்தினார்கள். வெளியே இருந்து ஒரு வாழைப்பழம்கூட வரவில்லை. காலையும் மாலையும் ரோல் கால், காவலாளியைக் கண்டால் இடுப்பு வளைய வணக்கம். இனி ராணுவம் கொடுக்கும் அரிசிதான் சாப்பாடு, அந்த அரிசியும் மாதாமாதம் குறைந்தது. குழம்பு போய்க் கஞ்சி வந்தது, கஞ்சி நீர்த்துக்கொண்டே போனது. தோட்டத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இலையையும் விடாமல் பறித்தார்கள். நம் ஊரில் தொட்டியில் வளர்க்கும் சிலோன் பசலையின் இனமான ஒரு கீரை அங்கே வேகமாக வளர்ந்து பலரைக் காப்பாற்றியது. அதுவும் போதாமல் களைச்செடி, கல்வாழைக் கிழங்கு. எண்ணெய் இல்லாததால் முகத்துக்குப் பூசும் கோல்ட் கிரீமில் போட்டு வதக்கினார்கள். புறாக்கள் காணாமல் போயின, பிறகு பூனைகள். 1944 முடியும்போது ஒரு நாள் உணவு 1,000 கலோரிக்கும் கீழே. 1945 ஜனவரியில் 700-ஐ ஒட்டி. வேலை செய்யாமல் படுத்தே கிடக்கும் ஒருவருக்குக்கூட இது பாதி காணாது.

அந்த மாதங்களில் முகாமில் ஒரு பழக்கம் பரவியது. சமையல் குறிப்பு எழுதுவது. ஆண், பெண், சிறுவர் என்று வித்தியாசம் இல்லை. கையில் கிடைத்த காகிதத்தில், பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில், கேக்குக்கு எத்தனை முட்டை, எவ்வளவு வெண்ணெய், எத்தனை நிமிடம் அடுப்பில் என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதினார். வாழ்க்கையில் ஒரு முட்டை வேகவைத்திராத ஆண்கள் விருந்துப் பட்டியல் தயாரித்துக்கொண்டு ராத்திரி அதைப் பற்றி வாதாடினார்கள். பசித்தவன் சாப்பாட்டை நினைக்காமல் இருக்கப் பார்ப்பான் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் பசி முற்றினால் வேறு எதுவுமே மனதில் நிற்பதில்லை. பக்கம் பக்கமாக நுணுக்கி எழுதிய அந்தப் பட்டியல்களைப் பற்றி வாசிக்கும்போது, செத்தவர் கணக்கைப் படிக்கும்போது வராத கண்ணீர் எனக்கு வந்தது.

அரிசிக்குப் பதில் மோதிரம், கைக்கடிகாரம் கைமாறியது. போர் முடிந்ததும் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்து அநியாய விலைக்கு வாங்கினார்கள். சேமித்து வைத்தவன் விற்றான், இல்லாதவன் கையெழுத்துப் போட்டான். அடைபட்டவர்களிடையே ஒற்றுமை மட்டுமே இருந்தது என்று எழுதினால் அது பொய்.

சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் வந்தது, கால் வீங்கி மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். வயதானவர்கள் முதலில் போனார்கள். 1945 ஜனவரியில் முகாம் மருத்துவர் தியடோர் ஸ்டீவன்சன் இறப்புச் சான்றிதழ்களில் காரணமாக ஊட்டச்சத்துக் குறைவு, பட்டினி என்று எழுதினார். அந்தச் சொற்களை எடுத்துவிடும்படி ஜப்பானிய அதிகாரிகள் சொன்னார்கள். முடியாது என்றார். அவரைப் பிடித்து முகாமின் ஜெயிலில் அடைத்தார்கள். முகாமின் மொத்தக் காலத்தில் இறந்தவர்கள் சுமார் 390 பேர். கடைசியில் மிஞ்சிய ஆண்கள் சராசரியாக 23, 24 கிலோ எடை இழந்திருந்தார்கள்.

நிர்வாகக் குழுவை, ஜப்பானியருக்கு ஒத்துப்போனவர்கள் என்று பின்னால் குறை சொன்னவர்கள் உண்டு. ரோல் கால் எடுத்ததும் விதிகளை அமல் செய்ததும் அவர்கள்தானே என்பது வாதம். நான் அதை ஏற்கவில்லை. குழுத் தலைவர் கரோல் கிரின்னலையும் இன்னும் மூவரையும் 1944 டிசம்பரில் ராணுவப் போலீஸ் பிடித்துப்போனது. விடுதலைக்குப் பிறகு அவர்களின் சடலங்கள்தான் கிடைத்தன. வெளியே இருந்த எதிர்ப்பாளர்களோடு தொடர்பு வைத்து முகாமுக்குப் பணம் கொண்டுவந்தார்கள் என்பதே அவர்கள் மேல் இருந்த சந்தேகம்.

1944 செப்டம்பர் 21 அன்று அமெரிக்க விமானங்கள் முதல்முறையாக மணிலாவின் மேல் வந்தன. உள்ளே வெளிப்படையாகக் கைதட்டக் கூடாது, வானத்தைப் பார்த்தாலே தண்டனை. ஒலிபெருக்கியில் பேசுகிறவர் பாட்டுகள் வழியாகச் சேதி சொன்னார். அக்டோபரில் அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் இறங்கியது. ஒருநாள் ஏதோ ஓர் அறிவிப்பின் நடுவே, வராமலே போவதற்கு லேட்டாக வருவது மேல் என்ற ஆங்கிலப் பழமொழியைச் சொன்னார். லேட் என்று சொல்ல வேண்டிய இடத்தில் லெய்ட்டே என்றார். முகாம் முழுக்கப் புரிந்துகொண்டது.

1945 பிப்ரவரி 3 இரவு, அமெரிக்க முதலாம் குதிரைப்படைப் பிரிவின் டாங்கிகள் முன்வாசலை இடித்துக்கொண்டு உள்ளே வந்தன. சுமார் 3,700 பேர் உயிரோடு இருந்தார்கள். ஒரு கட்டடத்தில் மட்டும் ஜப்பானியக் காவல்படை 200-க்கும் மேற்பட்டோரைப் பிணையாகப் பிடித்துக்கொண்டது. பேச்சுவார்த்தை நடத்தி, 5-ஆம் தேதி காலை அந்தக் காவல்படையினரைப் பத்திரமாக வெளியே போகவிட்டு, பிணையாக இருந்தவர்களை மீட்டார்கள். அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஜப்பானியர் வெளியிலிருந்து வளாகத்தைக் குண்டுவீசித் தாக்கினார்கள். மூன்று வருடப் பசியைத் தாண்டி வந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைக்குப் பிறகு இறந்தார்கள். அந்த மாதம் முழுக்க நடந்த மணிலாச் சண்டையில் நகர மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கு. இரண்டு வருடம் அந்த வாசலில் பொட்டலத்தோடு நின்றவர்களில் எத்தனை பேர் அதில் இருந்தார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

நகரம் எரிந்துகொண்டிருந்ததால் முகாமில் இருந்தவர்களால் உடனே எங்கும் போக முடியவில்லை. பல வாரம் அதே அறைகளில், அதே கட்டில்களில் இருந்தார்கள். சமையல்கட்டு வாசலில் தட்டோடு அதே வரிசையில் நின்றார்கள். இப்போது கரண்டியில் வந்தது அமெரிக்க ராணுவத்தின் சாப்பாடு. முதல் நாளில் அளவு தெரியாமல் சாப்பிட்டுப் பலருக்கு வயிறு தாங்கவில்லை.